காக்கையின் வடையும் கடைசிப் பக்கத்து நீதியும்

ஏழாம் நூற்றாண்டில் பாணர் எழுதிய ஹர்ஷ சரிதத்தில் ஒரு கடைத்தெருக் காட்சி வருகிறது. தந்தை நோயுற்ற செய்தி கேட்டுத் தலைநகருக்கு விரைந்து திரும்பும் ஹர்ஷர், வழியில் யமபடம் காட்டும் ஒருவனைப் பார்க்கிறார். குச்சிகளில் விரித்துக் கட்டிய சீலையில் எருமை மேல் யமன் அமர்ந்திருக்கிறான். படக்காரன் ஒரு கையில் சீலையைப் பிடித்து, மறு கையில் இருக்கும் கோலால் சுட்டிச் சுட்டி மறுவுலகக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவனைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்பவர்கள் சிறுவர்கள்.

படம் காட்டிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அச்சிட்ட படப்புத்தகம் அங்கிருந்து வந்தது உண்மைதான். கொமேனியஸ் 1658இல் நூரெம்பர்கில் வெளியிட்ட படப் பாடநூலைத்தான் அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் படத்தைக் கையால் சுட்டி, குரலால் கதையை நகர்த்தும் கலை இங்கே வெகுகாலமாக உண்டு. வங்காளத்துப் பட்டுவாக்கள் சுருளை அவிழ்த்து அவிழ்த்துப் பாடினார்கள். ராஜஸ்தானில் ஃபட் என்னும் நீண்ட படச்சீலையை விரித்து இரவெல்லாம் கதை பாடினார்கள். அங்கேயே காவட் என்றொரு மரப்பெட்டி உண்டு. கதவுக்குள் கதவாகத் திறந்துகொண்டே போகும், ஒவ்வொரு கதவிலும் ஒரு படம் இருக்கும். ஏறக்குறைய அது மரத்தால் செய்த படப்புத்தகம். நம் ஊர்த் தோற்பாவைக் கூத்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இன்று அந்தப் படக்காரனின் இடத்தில் மடியில் குழந்தையை வைத்துக்கொண்ட அம்மாவோ, தாத்தாவோ, அங்கன்வாடி ஆசிரியரோ இருக்கிறார்கள். கையில் கோலுக்குப் பதிலாக முப்பது பக்கப் புத்தகம். இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரையான பிள்ளைகளுக்கு நீதிக்கதை, புராணக்கதை, நாட்டுப்புறக் கதை ஆகிய மூன்றையும் படப்புத்தகம் வழியாகக் கொடுப்பது பற்றிக் கல்வியாளர்களும் உளவியலாளர்களும் ஓவியர்களும் நீண்ட காலமாக வாதாடி வருகிறார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழங்கதைகள் குழந்தைக்குக் கட்டாயம் வேண்டும், நல்ல படத்தோடு வேண்டும். கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று தலைப்பிட்டு அச்சிடும் அந்த ஒரு வரி வேண்டாம்.

தமிழ்க் குழந்தை கேட்கும் முதல் கதை பெரும்பாலும் பாட்டி வடை சுட்ட கதைதான். ஈசாப்பின் காக்கை வாயில் பாலாடைக்கட்டி, நம் காக்கை வாயில் வடை. பௌத்த ஜாதகக் கதைகளில் நாவல் மரத்துக் காக்கையும் நரியும் ஒன்றையொன்று புகழ்ந்து பழம் தின்னும் கதையும் இருக்கிறது. இந்தச் சின்னக் கதையைச் சுற்றித்தான் ஐரோப்பியக் கல்விச் சிந்தனையில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. ஜான் லாக் 1693இல் எழுதிய கல்வி நூலில், குழந்தைக்கு முதலில் கொடுக்கத் தகுந்த புத்தகம் ஈசாப் என்றும், படங்களோடு இருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார். ரூசோ 1762இல் ‘எமீல்’ நூலில் அதை மறுத்தார். பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேன் கவிதையாக எழுதிய இதே காக்கை–நரிக் கதையை வரி வரியாகப் பிரித்துப் போட்டு, இதில் எந்த வரி பிள்ளைக்குப் புரியும் என்று கேட்டார். அவருடைய பெரிய குற்றச்சாட்டு வேறு. ஏமாந்த காக்கையைப் பார்த்துக் குழந்தை பாடம் கற்காது, கெட்டிக்கார நரியைத்தான் அதற்குப் பிடிக்கும், ஆக நாம் முகத்துதியையும் ஏமாற்றையும்தான் சொல்லிக்கொடுக்கிறோம் என்றார்.

ரூசோ சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். நரியைப் பிடிப்பது உண்மை. ஆனால் குழந்தைகளின் மனம் அவர் நினைத்ததைவிட அகலமானது. தமிழ்க் கதையில் லா ஃபோன்தேனிடம் இல்லாத ஓர் ஆள் இருக்கிறாள்: பாட்டி. வடையைச் சுட்டவள் அவள், பறிகொடுத்தவளும் அவள். காக்கையே வடையைத் திருடியதால் இங்கே ஏமாந்தவரும் குற்றவாளி. இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் நாலு வயதுப் பிள்ளைகள் நரியைப் பற்றியோ காக்கையைப் பற்றியோ கேட்பதைவிட, “அப்போ பாட்டிக்கு வடை?” என்று கேட்பதைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். நம் மலிவுப் பதிப்புகளில் முதல் படத்தில் வாணலிக்கு முன் உட்கார்ந்திருக்கும் பாட்டி, இரண்டாம் பக்கத்திலிருந்து காணாமல் போய்விடுகிறாள். கடைசிப் பக்கத்தில் நரி வடையோடு ஓடுகிறது, கீழே முகத்துதிக்கு மயங்காதே என்று கொட்டை எழுத்தில் நீதி. குழந்தை கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை. மரத்தடியில் பாட்டியை ஒரு மூலையில் வரைந்திருந்தால் போதும், அவள் முகத்தைப் பார்த்தே குழந்தை மிச்சக் கதையைச் சொல்லியிருக்கும். வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு காக்கை கரைந்த கதையை யாரோ ஒரு குறும்புக்காரர் சொல்லித் தொடங்கி, இன்று அது வீட்டுக்கு வீடு வழங்குகிறது. அது பிறந்ததே இந்தக் கேள்வி கேட்கும் பழக்கத்திலிருந்துதான்.

நீதி வரி உண்மையில் வேலை செய்கிறதா என்பதை அண்மை ஆண்டுகளில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் காங் லீயும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டினார்கள். அதற்கு முன்பு ஒரு பொம்மையைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லித் தனியே விட்டிருந்தார்கள். கதை முடிந்ததும், “பார்த்தாயா?” என்று கேட்டார்கள். பொய் சொன்னதற்குத் தண்டனை கிடைக்கும் பினோக்கியோ கதையும், ‘புலி வருது புலி வருது’ என்று நாம் சொல்லும் கதையின் ஓநாய் வடிவமும் பிள்ளைகளை உண்மை பேச வைக்கவில்லை. உண்மை சொன்ன சிறுவனை அப்பா பாராட்டும் ஜார்ஜ் வாஷிங்டன் கதை மட்டும் கொஞ்சம் வேலை செய்தது. அதே கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றியதும் அந்தப் பலனும் போய்விட்டது. அதே பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, பகிர்ந்துகொள்வது பற்றிய ஒரே கதையை மனிதப் பாத்திரங்களோடும், சட்டை போட்ட விலங்குகளோடும் தனித்தனிப் புத்தகமாகப் படித்துக் காட்டியது. மனிதக் கதை கேட்ட பிள்ளைகள் கூடுதலாகப் பகிர்ந்தார்கள், விலங்குக் கதை கேட்டவர்கள் அப்படிக் கூடுதலாகப் பகிரவில்லை.

இதைப் படித்துவிட்டு விலங்குக் கதைகளை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று சிலர் எழுதினார்கள். அது அவசர முடிவு. ஒரு தடவை படித்த ஒரு புத்தகம், உடனே ஒரு ஸ்டிக்கரைப் பங்கு போட வைக்கிறதா என்பதைத்தான் அந்த ஆய்வு அளந்தது. விலங்குக் கதையின் வேலை அதுவல்ல. எனக்கு அதிகம் பயன்படுவது வாக்கர், லோம்ப்ரோசோ இருவரும் அதே 2017இல் வெளியிட்ட ஆய்வு. கதையின் நடுவே, “ஏன் இப்படி ஆயிற்று?” என்று கேட்டு ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளை விளக்கச் சொன்னால், அவர்கள் கதையின் உட்பொருளைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்துக் கையில் கொடுத்ததைவிடக் கேட்டு வாங்கியது நன்றாகப் பதிந்தது. மூன்று ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், கதை சொல்பவர் வாயை மூட வேண்டிய இடம் எது என்று தெரிகிறது.

இங்கே பஞ்சதந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தைக் கதை என்றதும் நம் கை முதலில் போவது அதன் பக்கம். அது சிறு பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதல்ல. மக்கு இளவரசர்கள் மூவருக்கு அரசியல் கற்பிக்க விஷ்ணுசர்மா சொன்னதாக அமைந்த நூல். ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் பழைய பஹ்லவி மொழிக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃபாவால் ‘கலீலா வ திம்னா’ என்று அரபியாகி, அங்கிருந்து ஐரோப்பா சுற்றியது. லா ஃபோன்தேன் 1678இல் வெளியிட்ட இரண்டாம் தொகுப்பில் தன் கடனைப் பில்பாய் என்ற இந்திய ஞானிக்குச் சொல்லியே எழுதினார். தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் அச்சேறியது. முதல் தந்திரமே மித்திரபேதம்: சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பை ஒரு நரி கோள் சொல்லிக் கெடுத்து, எருது சாவதில் முடிகிறது. இதை மூன்று வயதுக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கவென்று சதையை உரித்துவிட்டு எலும்பை மட்டும் நீட்டுகிறார்கள், கதை செத்துப்போகிறது. பஞ்சதந்திரத்திலேயே குழந்தைக்கென்று பிறந்தவை போலச் சில உண்டு. கிணற்றுக்குள் தன் நிழலைப் பார்த்துக் குதிக்கும் சிங்கம், அன்னங்கள் தூக்கிப் போகும் வாயாடி ஆமை, வலையோடு பறக்கும் புறாக்கள். மூன்றும் கண்ணால் பார்க்கும் கதைகள். ஆழம், உயரம், கூட்டம் என்று படத்துக்கு வேலை இருக்கிறது. தேர்வு செய்யும்போது இதில் என்ன நீதி என்று பார்ப்பதைவிட, இதில் என்ன தெரியும் என்று பார்ப்பது நல்ல வழி.

இரண்டு மூன்று வயதுக்கு அதைவிடப் பொருத்தமானவை சங்கிலிக் கதைகள். நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த சங்கிலிக் கதை, பேரை மறந்த ஈயின் கதை. வீட்டை மெழுகிக்கொண்டிருந்த ஈ தன் பேரை மறந்துவிடுகிறது. கன்றைக் கேட்கிறது, தெரியாது. கன்றின் தாயை, தாயை மேய்க்கும் இடையனை, இடையன் கைக்கோலை, கோல் வளர்ந்த மரத்தை, மரத்துக் கொக்கை, கொக்கு குளிக்கும் குளத்தை, குளத்து மீனை, மீன் பிடிப்பவனை, அவன் கைச் சட்டியை, சட்டி வனையும் குயவனை, குயவன் மண்ணை, மண்ணில் வளரும் புல்லை, புல் தின்னும் குதிரையை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொருவரையும் கேட்கும்போது முன்னால் கேட்டவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும். கடைசியில் குதிரை கனைக்கும் ‘ஈ’ என்ற சத்தத்தில் பேர் கிடைத்துவிடுகிறது. ஊருக்கு ஊர் வரிசை மாறும், குதிரை மட்டும் மாறாது.

இந்தக் கதையின் உயிர்நாடி வரிசையில் இல்லை. ஈயின் பேர் குழந்தைக்கு முதல் வரியிலேயே தெரியும், ஈக்குத்தான் தெரியாது. கதை முழுவதும் குழந்தை ஈயைவிட அறிவாளி. பாதியிலேயே பொறுக்க முடியாமல், “ஈ! ஈ!” என்று கத்திவிடும். உலகத்தில் எல்லாமே தன்னைவிடப் பெரியவர்களுக்குத்தான் தெரியும் என்ற நிலையில் வாழும் ஒரு மூன்று வயது ஆளுக்கு இதைவிடப் பெரிய இன்பம் கிடையாது. இங்கே நீதி எதுவும் இல்லை, தேவையும் இல்லை. கன்றுக்குப் பசு, பசுவுக்கு இடையன், சட்டிக்குக் குயவன், குயவனுக்கு மண் என்று ஒரு கிராமமே ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கிறது. பக்கம் திருப்பும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் சேர்ந்துகொண்டே வரும்படி வரைந்தால், எழுத்துத் தெரியாத பிள்ளை படத்தைப் பார்த்தே கதையை முழுக்க ஒப்பித்துவிடும். வாசிப்பின் முதல் படி அதுதான்.

படம் வேண்டுமா என்ற கேள்வியே ஒரு காலத்தில் பலமாக எழுந்தது. டோல்கியன் 1939இல் தேவதைக் கதைகள் பற்றி நிகழ்த்திய உரையின் அச்சு வடிவத்தில், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தக் கதைகளுக்கு நன்மை செய்வதில்லை என்று எழுதினார். மலை என்று சொன்னால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு மலை எழும், படம் வந்தால் ஓவியரின் மலை மட்டும்தான் நிற்கும் என்பது அவர் கட்சி. புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் எழுதிய நூலிலும் ஏறக்குறைய அதையே உளவியல் மொழியில் சொன்னார். கதையில் சொன்னதையே திரும்ப வரையும் படத்துக்கு இந்த விமர்சனம் முழுக்கப் பொருந்தும். நரி மரத்தடியில் நின்றது என்று எழுதி, பக்கத்தில் மரத்தடியில் நிற்கும் நரியைப் போடுவது பக்கத்தை நிரப்பும் வேலைதான்.

பேட் ஹட்சின்ஸ் 1968இல் செய்த ‘ரோசிஸ் வாக்’ இதற்கு முழுப் பதில். பண்ணையைச் சுற்றிவிட்டு நேரத்தோடு வீடு திரும்பும் கோழியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம், அதுதான் புத்தகம் முழுவதற்கும் எழுத்து. படத்தில் அந்தக் கோழிக்குப் பின்னால் ஒரு நரி பதுங்கிப் பதுங்கி வருகிறது. மண்வாரியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, மாவு மூட்டைக்கு அடியில் மாட்டுகிறது. எழுத்தில் நரி என்ற சொல்லே இல்லை. படிப்பவர் கோழியைப் பற்றி நிதானமாகப் படித்துக்கொண்டிருக்க, குழந்தை நரியைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருக்கிறது. பேரை மறந்த ஈயின் கதையில் குரல் செய்த வேலையை இங்கே படம் செய்கிறது: சொல்பவரைவிடக் கேட்பவருக்கு அதிகம் தெரியும்.

ஜெர்ரி பிங்க்னி 2009இல் வெளியிட்ட ‘சிங்கமும் எலியும்’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஈசாப்பின் கதையை ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் வைத்து, ஆந்தையின் அலறல், எலியின் கீச்சு, சிங்கத்தின் கர்ச்சனை போன்ற சத்தங்களைத் தவிர எழுத்தே இல்லாமல் சொன்னார். அட்டையில்கூடத் தலைப்பு இல்லை, பக்கத்தை அடைத்துக்கொண்டு ஒரு சிங்கமுகம் மட்டும். அந்த முகம் பக்கவாட்டில் எதையோ பார்க்கிறது. வலையை அறுத்துச் சிங்கத்தை விடுவித்த எலி, தன் குஞ்சுகள் இருக்கும் கூட்டுக்குத் திரும்பிப் போகிறது. ஈசாப்பில் எலிக்குக் குடும்பம் கிடையாது. ‘சிறியோர் என்று எவரையும் இகழாதே’ என்று நாம் கடைசியில் எழுதும் வரியைப் பிங்க்னி எங்கும் எழுதவில்லை, அந்தக் கூட்டை வரைந்தார். அமெரிக்காவின் சிறந்த படப்புத்தகத்துக்கான கால்டிகாட் விருது 2010இல் அதற்குக் கிடைத்தது. அதே விருதை 1962இல் பெற்ற மார்ஷா பிரவுனின் புத்தகம் நம் ஹிதோபதேசத்திலிருந்து எடுத்தது. முனிவர் எலியைப் பூனையாக்கி, நாயாக்கி, புலியாக்கி, புலிக்குத் தலைக்கனம் வந்ததும் மறுபடி எலியாக்கும் கதை. மரச்செதுக்கு அச்சில், மிகச் சில நிறங்களை வைத்துக்கொண்டு செய்தது.

பழைய கதையோடு சண்டை போடும் புத்தகமும் வேண்டும். லியோ லியோனி 1967இல் எழுதிய ‘ஃப்ரெடெரிக்’ எறும்பும் வெட்டுக்கிளியும் கதைக்கு எழுதிய மறுமொழி. எல்லா எலிகளும் குளிர்காலத்துக்குத் தானியம் சேர்க்க, ஃப்ரெடெரிக் வெயிலையும் நிறத்தையும் சொல்லையும் சேர்க்கிறது. பனிக்காலத்தில் தானியம் தீர்ந்த பிறகு மற்றவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறது. எறும்பின் கதையை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேட்கும் பிள்ளைக்கு, கதைகள் ஒன்றோடொன்று வாதாடும் என்பது தெரியவரும்.

நம் நாட்டில் இந்தத் துறையைத் தூக்கி நிறுத்தியதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. தாரா புக்ஸ் 1994இலும், தூலிகா 1996இலும் இங்கேதான் தொடங்கப்பட்டன. தாராவின் தொடக்க காலப் புத்தகங்களில் ஒன்றில், கீதா உல்ஃப் எழுத, இந்திரபிரமித் ராய் வார்லி ஓவிய முறையில் ஒரு சோம்பேறிச் சிங்கத்தின் கதையை வரைந்தார். கையால் செய்த தாளில், பட்டுத்திரை அச்சில் வந்த புத்தகம் அது. தூலிகாவின் ‘எக்கி தொக்கி’ ஒற்றை முடிக்காரி, இரட்டை முடிக்காரி என்ற அக்கா தங்கை பற்றிய மராத்தி நாட்டுப்புறக் கதை. ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் புத்தகம் போடுவது தூலிகாவின் வழக்கம்.

இவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது பர்தான் கோண்ட் ஓவியர்களின் வருகை. மத்தியப் பிரதேசத்துப் பர்தான்கள் பரம்பரையாகக் கோண்டு மக்களின் கதைப் பாடகர்கள். பானா என்ற நரம்புக் கருவியை மீட்டிக் குலக்கதையும் தெய்வக்கதையும் பாடுவது அவர்கள் தொழில். ஆதரிப்பார் குறைந்து பாட்டு தேய்ந்தபோது, பாட்டன்கட் கிராமத்து ஜங்கட் சிங் ஷ்யாம் 1980களின் தொடக்கத்தில் போபால் பாரத் பவனுக்கு அழைத்துவரப்பட்டுத் தாளிலும் துணியிலும் வரையத் தொடங்கினார். அவர் வழியில் வந்த பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேத்தி மூவரும் வரைந்த ‘மரங்களின் இரவு வாழ்க்கை’யைத் தாரா 2006இல் வெளியிட்டது. 2008இல் பொலோன்யா புத்தகச் சந்தையின் விருது பெற்றது. கறுப்புத் தாளில் ஒவ்வொரு மரமும் ஒரு தொன்மம். குழந்தைகளுக்கென்று மட்டும் செய்ததல்ல, ஆனால் குழந்தை அதைத் திறந்தால் மூடாது. பாட்டு நின்ற இடத்திலிருந்து கதை கோட்டுக்குள் போய்விட்டது.

இந்த வெற்றியைப் பார்த்து ஒரு கெட்ட பழக்கமும் வளர்ந்தது. எந்த ஊர்க் கதையானாலும் ஓரத்தில் கொஞ்சம் வார்லி மனிதர்களைத் தூவிவிட்டால் நாட்டுப்புறக் களை வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கரிசல்காட்டுக் கதைக்கு வார்லி எதற்கு? நம்மிடம் அய்யனார் கோவில் சுடுமண் குதிரை இருக்கிறது, வாசல் கோலம் இருக்கிறது, தஞ்சை வட்டாரக் கலம்காரி இருக்கிறது, சாயம் ஊடுருவி ஒளி வீசும் தோற்பாவை இருக்கிறது. கனைக்கும்போது ஈயின் பேரைச் சொன்ன அந்தக் குதிரை, ஊர் எல்லையில் நிற்கும் சுடுமண் குதிரையாக இருந்தால் எப்படி இருக்கும்!

புராணக்கதை மூன்றிலும் கடினமானது. அனந்த் பை 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை, ராமனின் தாய் யார் என்று தெரியாமல் வளரும் தலைமுறைக்குப் புராணத்தைக் கொண்டுபோனது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அதோடு தேவர்களுக்குச் சிவந்த மேனி, அசுரர்களுக்குக் கறுத்த மேனி என்ற கண்பழக்கத்தையும் அது பல தலைமுறைப் பிள்ளைகளுக்குள் இறக்கிவிட்டது. எழுத்தில் இருக்கும் தவறைப் பெரியவர் படிக்கும்போது திருத்திச் சொல்லிவிடலாம். படத்தை அப்படிச் செய்ய முடியாது. கறுத்த பிள்ளை தன் நிறத்தை எப்போதும் அசுரன் பக்கத்திலேயே பார்த்தால், அதன் மனத்தில் என்ன நடக்கும் என்று ஓவியர் நினைத்துப் பார்க்க வேண்டும். ஏகலைவன் கட்டை விரலை வெட்டிக் கொடுத்த கதையைக் குருபக்தி என்று நாலு வயதில் படம் போட்டுக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தக் கதையில் கோபம் இருக்கிறது. கோபத்தைப் புரிந்துகொள்ளும் வயதில் முழுதாகச் சொல்ல வேண்டிய கதை அது.

மாம்பழக் கதையைச் சொல்லலாம், தாராளமாகச் சொல்லலாம். மயிலேறி உலகைச் சுற்றிவந்த முருகனுக்குப் பழம் இல்லை, அம்மா அப்பாவைச் சுற்றிவந்த பிள்ளையாருக்குப் பழம். அண்ணன் தம்பி உள்ள எந்த வீட்டிலும் நடக்கும் வழக்கு இது. புத்திசாலித்தனத்தைப் புகழ்வதற்காகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர், “பாவம் முருகன், அவன்தானே நிஜமா சுத்தினான்” என்பார்கள். கோபித்துக்கொண்டு பழநி மலையில் போய் நின்றவன் பக்கம் நிற்பது அவர்களின் உரிமை. பல மதத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் வகுப்பில் இதைச் சொல்லும்போது, ‘இப்படி ஒரு கதை சொல்வார்கள்’ என்று தொடங்கிவிட்டால் நம்பிக்கை உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடம் கிடைக்கும். ஒரு மக்களின் தொன்மத்தை இன்னொருவர் எடுத்துப் படப்புத்தகம் ஆக்கும்போது வரும் சிக்கலும் உண்டு. பியூப்லோ பழங்குடியினரின் தொன்மத்தை வைத்து ஜெரால்ட் மெக்டெர்மட் 1974இல் செய்த புத்தகம் கால்டிகாட் பெற்றது. அந்த மக்களின் வாழ்க்கையைத் தவறாகக் காட்டுகிறது என்ற கண்டனத்தையும் பின்னர் பெற்றது.

பயமுறுத்தும் பகுதிகளை வெட்டிவிடலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். சிவப்புத் தொப்பிச் சிறுமியை 1697இல் பெரோ ஓநாய்க்கே இரையாக்கினார். 1812இல் கிரிம் சகோதரர்கள் வேடனை அனுப்பி வயிற்றைக் கிழித்து மீட்டார்கள். எட் யங் 1989இல் வரைந்த ‘லோன் போ போ’ சீன வடிவத்தில், மூன்று சகோதரிகள் தாங்களே ஓநாயைக் கூடையில் ஏற்றி மரத்திலிருந்து கீழே போடுகிறார்கள். அதில் ஓநாயின் கண் இருட்டில் மின்னும் பக்கங்கள் உண்மையிலேயே பயமாக இருக்கும். இருக்கட்டும். மடியில் உட்கார்ந்து, பக்கத்தைத் தானே திருப்பும் பிள்ளைக்கு அந்தப் பயத்தை நிறுத்தும் அதிகாரமும் இருக்கிறது. ஓநாயின் பல்லைப் பிடுங்கிவிட்டால் சகோதரிகளின் துணிச்சலுக்கு வேலை இல்லை. வெட்ட வேண்டியது வேறு: குருடன், குள்ளன், மாற்றாந்தாய், கிழவி என்று ஆளின் நிலையையே கேலியாகவோ கொடுமையாகவோ காட்டும் பழைய வழக்கம். யானையைத் தடவிப் பார்த்த குருடர்களை எட் யங் 1992இல் ஏழு நிற எலிகளாக மாற்றினார். கதை ஒன்றும் குறைந்துபோகவில்லை. நிறமும் எண்ணும் கிழமையும் கூடக் கிடைத்தன.

தமிழ்ப் படப்புத்தகங்களுக்கென்று தனியே ஒரு நோய் உண்டு, அது நடை. நாட்டுப்புறக் கதை பேச்சில் பிறந்தது. ஏ. கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பைப் பார்த்தாலும், கி. ராஜநாராயணன் வாழ்நாள் முழுவதும் சேர்த்த கதைகளைப் பார்த்தாலும், அடுப்படியிலும் களத்துமேட்டிலும் ஓடிய குரல் கேட்கும். படப்புத்தகத்தில் அச்சாகும்போது அதே பாட்டி ‘மூதாட்டி’ ஆகிறாள், காக்கை ‘வினவுகிறது’, நரி ‘மகிழ்ச்சியுற்றது’. அம்மா அதைப் படித்துக்கொண்டே மனத்துக்குள் மொழிபெயர்த்துச் சொல்கிறாள், இல்லாவிட்டால் குழந்தை எழுந்து போய்விடும். கொச்சையாகவே எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டாத, ‘உம்’ கொட்ட இடம் விடும் வாக்கியம் போதும். உம் கொட்டுவது நம் வீடுகளின் பழைய ஒப்பந்தம்: கேட்பவர் கொட்டாவிட்டால் சொல்பவர் நிறுத்திவிடுவார். இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் தாய்மார் படம் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டுப் பேசினால் அவர்களின் பேச்சு வளம் கூடுகிறது என்று வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் நிறுவினார்கள். நம் பாட்டிகள் உம் கொட்ட வைத்ததும் அந்த வழியில்தான்.

புத்தகம் கைக்குக் கிடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசையும், மாஸ்கோவில் தமிழிலேயே அச்சாகி வந்த சோவியத் நாடோடிக் கதைகளும் ஒரு தலைமுறைக்குச் சில ரூபாயில் நல்ல படத்தைக் காட்டின. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை யாரும் இலவசமாக எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்து அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. வாங்கும் சக்தி உள்ள வீட்டில் மட்டும் படப்புத்தகம் இருந்த நிலை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது.

அடுத்து வர வேண்டியவை இருளர், காணிக்காரர், தோடர் போன்ற மக்களின் கதைகள், அவர்களே சொல்லி அவர்களே வரைந்த புத்தகங்களாக. பாட்டன்கட்டில் நடந்தது இங்கேயும் நடக்கக் கூடியதுதான். அதற்குப் பதிப்பாளர்கள் செய்ய வேண்டியது சிக்கலான வேலை இல்லை. கதை சொன்ன பாட்டியின் பெயரும் வரைந்தவர் பெயரும் தொகுத்தவர் பெயரோடு அட்டையில் ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும். ராயல்டி அந்த மூவருக்கும் பிரிய வேண்டும். முதல் நூறு பிரதிகள் அந்த ஊர் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும். கடைசிப் பக்கத்தில் நீதிக்கு ஒதுக்கிய இடத்தைக் குழந்தை வரைவதற்கென்று வெறும் தாளாக விட்டுவிடலாம்.